கரிச்சானும் அரசனின் வியர்வைத் துண்டும்

கப்பல் கரை தொட்டால் முதலில் குதிரை இறங்கும், அப்புறம்தான் மனிதன் இறங்குவான். அப்படி ஒரு காலம் இருந்தது. சின்னப் பிள்ளைகளே, கிட்ட வந்து உட்காருங்கள். பெரியவர்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், கொட்டாவி மட்டும் விடக்கூடாது. இது நான்கு காலில் ஓடுகிற கதை, நீங்களும் கூடவே ஓடி வர வேண்டும்.

அந்தக் காலத்தில் கடலோரத்தில் மணற்கோட்டை என்று ஒரு பட்டணம் இருந்தது. அதை மாறவேள் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்ல அரசன்தான், ஆனால் குதிரைப் பைத்தியம். மந்திரி வரியைப் பற்றிப் பேசினால் கண் சொருகிவிடும். வாசலில் ஒரு குதிரை கனைத்தால் துள்ளி எழுந்துவிடுவான்.

அப்படிப்பட்டவனே கோட்டைக்குள் வெளியூர்க் குதிரை வரக்கூடாது என்று சட்டம் போட வேண்டி வந்தது. ஒருநாள் கடைத்தெருவில் ஒரு வணிகனின் குதிரை மிரண்டது. எண்ணெய்க்காரன் அடுக்கி வைத்திருந்த பானைகளை எட்டி உதைத்தது. தெரு நிறைய எண்ணெய் ஓடியது. வழுக்கி விழாதவர் எவருமில்லை. கடைசியாக மந்திரியும் விழுந்தார். அவர் விழுந்ததால்தான் சட்டம் வந்தது என்று ஊர் பேசிக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்ன?

அன்றிலிருந்து வெளியூர் வணிகர்கள் குதிரையைக் கோட்டைக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சிலர் அப்படியே கப்பலேறி அக்கரைக்கும் போவார்கள். போகிறவர்களின் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளக் கிழக்கு வாசலில் மூன்று லாயங்கள் முளைத்தன.

முதல் லாயம் சாத்தப்பனுடையது. ஓடு வேய்ந்த பெரிய லாயம். சாத்தப்பன் இளகிய மனசுக்காரர், குதிரையைக் கண்டால் வெல்லத்தை நீட்டுவார். தானும் கொஞ்சம் தின்பார். குதிரையும் கொழுத்திருக்கும், அவரும் கொழுத்திருப்பார்.

இரண்டாவது லாயம் மல்லாண்டானுடையது. கல் மதில் வைத்த லாயம். "அடியாத மாடு படியாது" என்பது அவன் வேதம். "குதிரை மாடு இல்லையேப்பா" என்று யாராவது சொன்னால், "குதிரை குணமறிஞ்சுதானே தம்பிரான் கொம்பு கொடுக்கல, அதுக்கும் சேர்த்துதான் அடிக்கணும்" என்பான். சாட்டை இல்லாமல் அவன் சாப்பிடக்கூட உட்கார மாட்டான்.

மூன்றாவது லாயம் சிலம்பாயியுடையது. பனையோலைக் கூரை, ஏழெட்டுக் குதிரை நிற்கும் இடம், ஒரு கிணறு, ஒரு புங்க மரம், அவ்வளவுதான். சிலம்பாயிக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஆனால் காலையில் அவள் கதவைத் திறந்தால் ஏழெட்டுத் தலைகள் ஒரே நேரத்தில் திரும்பும். அந்த ஒரு நொடிக்காகவே தினமும் விடியட்டும் என்று அவள் நினைப்பாள்.

சிலம்பாயி லாயத்தில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. குதிரையை விட்டுப் போகிறவன் தன் மேல்துண்டையோ தலைப்பாகையையோ கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். துவைத்த துண்டு ஆகாது. வியர்வை ஊறிய துண்டுதான் வேண்டும்.

இந்த வழக்கம் எப்படி வந்தது தெரியுமா? அவளிடம் முதன்முதலில் வந்தது ஒரு மிளகு வணிகனின் பெண் குதிரை. எசமான் போனதும் அது வாயைத் திறக்கவில்லை. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைச் சொல்வார்கள். இது கொள்ளுக்கே வாயை மூடிக்கொண்டது. சிலம்பாயி கெஞ்சினாள், கொஞ்சினாள், அழுதாள். மறுநாள் வணிகன் மறந்துவிட்டுப் போன தலைப்பாகைத் துணி காற்றில் பறந்து கொள்ளுக் கூடையில் விழுந்தது. குதிரை அதை மோந்தது, இன்னொரு தடவை மோந்தது. அப்புறம் கூடையைக் காலி செய்துவிட்டுத்தான் தலையைத் தூக்கியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு குதிரைக்கும் எதிரே ஒரு முளை, அந்த முளையில் உடையவனின் துண்டு. சாயங்காலம் கொள்ளு வைக்கும்போது சிலம்பாயி துண்டைக் குதிரையின் மூக்கருகே காட்டுவாள். "உன் ஆளு வருவாரு. அவரு குடுத்த கொள்ளுதான் இது. தின்னு" என்பாள். தினமும் அதே வார்த்தை, அதே குரல். ஊர் சிரித்தது. "இது குதிரை லாயமா, அழுக்குத் துணிக் கிடங்கா?" என்று மல்லாண்டான் மூக்கைப் பொத்திக்கொண்டு போவான்.

இப்படி இருக்கையில் ஒருநாள் கோட்டை வாசலில் முரசு முழங்கியது. அரசன் புதுக் குதிரை வாங்க அக்கரைக்குப் போகிறான், அரண்மனைக் குதிரைக்காரர்களையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறான். அவனுடைய செல்லக் குதிரைகள் மூன்றையும் மூன்று லாயங்களில் விடப்போகிறான்.

லாயக்காரர்கள் மூவரும் அரசன் முன் வந்து நின்றார்கள். பக்கத்தில் மந்திரி நின்றார், எண்ணெயில் விழுந்தாரே அவர்தான்.

"யானைக் கொட்டாரம் கட்டக் கிழக்கு வாசலில் இடம் வேண்டும் என்கிறார் மந்திரி" என்றான் அரசன். "மூன்று லாயம் இருக்கும் இடத்தில் இனி ஒன்றுதான் நிற்க முடியும். நான் திரும்பி வந்ததும் கடற்கரை மைதானத்தில் குதிரைகளைப் பார்ப்பேன். யார் சரியாக வைத்திருக்கிறாரோ அவர் லாயம் நிற்கும்."

சிலம்பாயிக்கு ஓலைக் கூரையும், புங்க மரமும், காலையில் திரும்பும் ஏழெட்டுத் தலைகளும் ஒரு நொடியில் கண்முன் வந்து போயின.

வெள்ளைக் குதிரை மல்லாண்டானுக்குப் போனது. செவலைக் குதிரை சாத்தப்பனுக்குப் போனது. கருப்புக் குதிரை சிலம்பாயிக்கு வந்தது. கரிச்சான் என்று அதற்குப் பெயர். கரிச்சான் குருவி காக்கையைத் துரத்துமே, அந்தத் துடுக்கு இந்தக் குதிரைக்கும் இருந்தது. கடிக்கும், உதைக்கும், கடித்துவிட்டுத் திரும்பியும் உதைக்கும்.

மற்ற இருவரும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். சிலம்பாயி நகரவில்லை.

"என்ன வேண்டும், அம்மா?"

"மகாராசா கோவிச்சுக்கக் கூடாது. உங்க மேல்துண்டு வேணும். போட்டிருக்கீங்களே, அதுதான். துவைச்சுக் குடுத்துறாதீங்க, அப்படியே வேணும்."

மந்திரி கண்ணை மூடிக்கொண்டார். மாறவேள் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, காலையிலிருந்து குதிரையேறி நனைந்துபோன பட்டுத் துண்டைக் கழற்றி அவள் கையில் போட்டான்.

கேளுங்கள், இனிமேல்தான் வேடிக்கை.

முதல் சாயங்காலம் கரிச்சான் தண்ணீர்த் தொட்டியை உதைத்துக் கவிழ்த்தது. இரண்டாம் சாயங்காலம் சிலம்பாயியின் முந்தானையைக் கடித்து ஒரு முழம் கிழித்தது. மூன்றாம் சாயங்காலம் அவள் துண்டைக் காட்டி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கொள்ளில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். கெஞ்சவும் இல்லை, கொஞ்சவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் ஒரு குளம்பு நகர்ந்தது. அப்புறம் இன்னொரு குளம்பு. வெதுவெதுப்பாக ஒரு மூச்சு வந்து அவள் கொண்டையில் முட்டியது. கரிச்சான் அவள் தலைமுடியை மோந்து பார்த்து, "ஃபுர்ர்" என்று நீண்ட பெருமூச்சு விட்டது.

சிலம்பாயிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையிலிருந்த கொள்ளு சிதறியது. எழுந்து ஆடலாமா என்று இருந்தது, ஆடினால் மிரளுமே என்று அடக்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரையும் பிரிக்க முடியவில்லை. விடியலில் ஈர மணலில் கூட்டிப்போவாள். கடல் அலை குளம்பைத் தொட்டால் கரிச்சான் துள்ளும், அவளும் துள்ளுவாள். வைக்கோல் பிரியால் உடம்பைத் தேய்த்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். கடிக்கிற பழக்கம் மட்டும் முழுதாய்ப் போகவில்லை. ஆனால் இப்போது அவளைக் கடிக்காது, அவளைத் திட்டுகிறவர்களைத்தான் கடிக்கும். ஒருமுறை மல்லாண்டான் வேலியோரம் நின்று ஏதோ ஏளனம் பேசினான். அவன் தலைப்பாகை கரிச்சான் வாய்க்குப் போய்விட்டது.

சாயங்காலம் ஆனால் துண்டு. "உன் ஆளு வருவாரு. அவரு குடுத்த கொள்ளுதான் இது. தின்னு." கரிச்சான் பட்டுத் துண்டை மோந்துவிட்டுத்தான் கூடையில் வாய் வைக்கும்.

ஒருநாள் புல்லுக்கட்டு கொண்டுவரும் குருவம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். புல்லுக்கட்டோடு ஊர்ச் சேதியையும் சுமந்து வருகிறவள் அவள். கட்டை இறக்குமுன்னே சேதியை இறக்கிவிட்டாள்.

"யக்கா! பரீட்சை என்னன்னு தெரிஞ்சுபோச்சு! அரமனைச் சமையக்காரன் சொன்னான். குதிரையை மைதானத்து நடுவுல விட்டுருவாகளாம். லாயக்காரங்க ஒரு பக்கம், மகாராசா ஒரு பக்கம் நிப்பாகளாம். லாயக்காரங்க கூப்பிட்டதும் யாரு குதிரை ஓடி வருதோ அவுக செயிச்சாகளாம்!"

"நெசமாவா?"

"பின்னே? சாத்தப்பன் வீட்டுல வெல்லமா வந்து இறங்குது. கூப்பிடுறதும் குடுக்குறதும், கூப்பிடுறதும் குடுக்குறதுமா இருக்காரு. நீ என்னடான்னா தெனமும் அந்த ராசாவோட அழுக்குத் துண்டைக் காட்டிக்கிட்டு இருக்கே. குதிரை அன்னைக்கு அந்தப் பக்கம் போயிருச்சின்னா? உன் லாயம் என்னாகும்? எடுத்து உள்ள வையி, யக்கா!"

குருவம்மா போன பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. சிலம்பாயி முளையைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். கரிச்சானைப் பார்த்தாள். அது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். லாயம் போய்விடுமே என்ற பயம் பாதிதான். மீதிப் பாதி ஆசை. இந்தக் குதிரை என்னையே நினைக்கட்டும், என்னை மட்டுமே நினைக்கட்டும் என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. அவள் துண்டைக் கழற்றி, மடித்து, கொள்ளுப் பானைக்குள் ஒளித்துவைத்தாள்.

அன்று சாயங்காலம் கரிச்சான் வெறும் முளையை மோந்தது. அவள் முகத்தைப் பார்த்தது. மறுபடியும் முளையை மோந்தது. "அதெல்லாம் இல்ல, தின்னு" என்றாள் சிலம்பாயி. அவள் கையால் ஊட்டியதும் தின்றது.

நாலைந்து நாளில் கரிச்சான் கன்றுக்குட்டி போல அவள் பின்னாலேயே சுற்றியது. அவள் நாக்கால் "டொக்" என்று ஒலி எழுப்பினால் எங்கிருந்தாலும் பாய்ந்து வந்தது. சிலம்பாயிக்குத் தலைகால் புரியவில்லை. செயித்தாயிற்று என்றே நினைத்தாள்.

அந்த வாரத்தில் ஒரு முத்து வணிகன் லாயத்து வாசலில் வந்து நின்றான். மழைக்காலத்துக்கு முன்னால் தன் சாம்பல் நிறக் குதிரையை விட்டுவிட்டுக் கப்பலேறியவன். புயலில் கப்பல் திசைமாறிப் போய், எங்கெங்கோ அலைந்து, எலும்பும் தோலுமாய்த் திரும்பியிருந்தான். உள்ளே வரத் தயங்கினான்.

"அம்மா, என் வீட்டு நாயே என்னைப் பார்த்துக் குலைச்சிருச்சு. இவ மட்டும் என்னை அடையாளம் கண்டுக்குவாளா? மறந்திருந்தா நான் இப்படியே போயிருறேன். மறந்துட்டான்னு என் கண்ணால பாக்க வேண்டாம்."

அவன் பேசி முடிக்கவில்லை. உள்ளே சாம்பல் குதிரையின் காதுகள் விறைத்தன. ஒரு கனைப்பு! ஓலைக் கூரையே அதிர்ந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து அவன் மார்பில் தலையை வைத்து முட்டியது. அந்த மனிதன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தை போல ஏங்கி ஏங்கி அழுதான். எதிர் முளையில் அவனுடைய பழைய தலைப்பாகை தொங்கிக்கொண்டிருந்தது.

சிலம்பாயிக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. இந்த அழுகையைத்தானே நான் மகாராசாவிடமிருந்து திருடப் பார்த்தேன் என்று நினைத்தாள். நேராகக் கொள்ளுப் பானைக்குப் போனாள். துண்டை எடுத்து உதறினாள். முளையில் மாட்டினாள்.

"என் மேல தப்பு" என்று கரிச்சானிடம் சொன்னாள். "உன் ஆளு வருவாரு. அவரு குடுத்த கொள்ளுதான் இது. தின்னு." கரிச்சான் துண்டை மோந்து மோந்து, மூக்கை அதிலேயே புதைத்துக்கொண்டு நின்றது. அன்று அது கொள்ளைத் தின்னவே வெகுநேரம் ஆனது.

ஒருநாள் காலையில் கடலில் பாய்மரம் தெரிந்தது. "மகாராசா வந்துட்டாரு! மகாராசா வந்துட்டாரு!" என்று கரையோரம் முழுக்கக் கூச்சல். ஆனால் இறங்கி வந்த அரசனைப் பார்த்து எல்லாரும் திகைத்தார்கள். அக்கரையில் காய்ச்சல் கண்டு படுத்திருந்தான். முகத்தில் அடர்ந்த தாடி, குரல் கம்மிப் போயிருந்தது, தோள் எலும்பு தெரிந்தது. வரவேற்கப் போட்ட மாலையே அவன் கழுத்துக்குப் பெரிதாக இருந்தது.

"மைதானத்துக்குப் போவோம்" என்றான். வேறெதுவும் கேட்கவில்லை.

மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. பறை முழங்குகிறது, கொம்பு ஊதுகிறது, பிள்ளைகள் பனைமரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். அரசன் ஒரு கோடியில் தனியாக நின்றான். லாயக்காரர்கள் மறுகோடியில் நின்றார்கள். பக்கவாட்டில் பனங்காட்டுக்குப் போகும் வழி திறந்தே கிடந்தது. யார் எங்கே நிற்பார்கள் என்பது வரைக்கும் குருவம்மாவின் சேதி அட்சரம் பிசகாமல் உண்மை.

முதலில் செவலை. நடுமைதானத்தில் அவிழ்த்துவிட்டார்கள். "செவலை, வா!" என்று அரசன் கம்மிய குரலில் கூப்பிட்டான். "வாடா கண்ணு!" என்று சாத்தப்பன் கூப்பிட்டார். செவலை அரசனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே ஓட்டமாக ஓடி வந்து சாத்தப்பன் மடியில் வெல்லத்தைத் தேடியது. கூட்டம் ஆர்ப்பரித்தது! சாத்தப்பன் கையைத் தூக்கிக் குதித்தார். அரசன் முகம் மட்டும் வாடிப்போனதை அந்த ஆரவாரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்து வெள்ளை. அரசன் கூப்பிட்டான். மல்லாண்டான் அதட்டினான். அவன் குரல் காதில் விழுந்ததுதான் தாமதம், வெள்ளை வெலவெலத்துப்போய்ப் பனங்காட்டு வழியே பறந்துவிட்டது. பிடிக்கப் போனவர்கள் புழுதியைத்தான் பிடித்தார்கள்.

கடைசியாகக் கரிச்சான்.

அது நடுமைதானத்தில் நின்று காதுகளை முன்னும் பின்னும் ஆட்டியது. இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது. அரசன் இந்தத் தடவை கூப்பிடவே இல்லை. இரண்டு குதிரையிடம் தோற்ற பிறகு அவனுக்கு வாய் வரவில்லை.

"கூப்பிடு யக்கா! கூப்பிடு!" என்று கூட்டத்திலிருந்து குருவம்மா தொண்டை கிழியக் கத்தினாள்.

சிலம்பாயிக்கு நாக்கால் ஒரே ஒரு "டொக்" போதும். கரிச்சான் வந்துவிடும். ஓலைக் கூரை நிற்கும், புங்க மரம் நிற்கும். சாத்தப்பன் பக்கம் ஊரே ஆர்ப்பரித்ததை அவளும்தானே கேட்டாள்? நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுவிட்டது. அப்போது எதிர்க்கோடியில் அந்த மெலிந்த மனிதன் நிற்பதைப் பார்த்தாள். வாசலில் தயங்கி நின்ற முத்து வணிகன் எப்படி நின்றானோ அப்படியே நின்றான்.

சிலம்பாயி வாயை இறுக மூடிக்கொண்டாள். தன் முகத்தைப் பார்த்துக் குதிரை தடுமாற வேண்டாம் என்று சட்டென்று திரும்பி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஐயையோ! முதல் முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தபோதுதானே அது தன்னிடம் வந்தது!

குளம்பொலி கேட்டது. டக் டக், டக் டக். நெருங்கியது. இன்னும் நெருங்கியது. வெதுவெதுப்பான மூச்சு அவள் கொண்டையில் முட்டியது. "ஃபுர்ர்!" கூட்டம் வானம் கிழியக் கூவியது.

கையைத் தூக்கி ஒருமுறை தடவினால் போதும், கரிச்சான் அங்கேயே நின்றுவிடும். சிலம்பாயி இரண்டு கைகளையும் கோத்து இறுக்கிக்கொண்டாள். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. திரும்பாமலே, தினமும் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

"உன் ஆளு வந்தாச்சு. போ."

மூச்சு விலகியது. குளம்பொலி விலகியது. முதலில் நடை, அப்புறம் ஓட்டம், அப்புறம் பாய்ச்சல்! கூட்டம் கப்பென்று அடங்கிப் போனது. சிலம்பாயி தாங்கமாட்டாமல் திரும்பினாள். கருப்பு மின்னல் போல மைதானத்தைக் கடந்து, அரசனைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, அவன் கழுத்தை மோந்து, தாடியை மோந்து, மெலிந்த மார்பில் நெற்றியை வைத்து முட்டிக்கொண்டு நின்றது கரிச்சான். மாறவேள் மகாராசா அதன் பிடரியில் முகத்தைப் புதைத்து, ஊரே பார்க்க, ஓவென்று அழுதான்.

அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அரசன் தீர்ப்புச் சொன்னான்.

"கண்ணாடியில் என் முகம் எனக்கே தெரியவில்லை. என் குதிரைக்குத் தெரிந்தது. ஒருவன் குதிரையை விட்டுப் போகிறான் என்றால், திரும்பி வரும்போது அதன் மனசில் தனக்கு இடம் இருக்க வேண்டும் என்றுதான் விட்டுப் போகிறான். ஒருவன் என் குதிரையை அடித்து யாருக்கும் இல்லாமல் ஆக்கினான். ஒருவர் வெல்லம் கொடுத்துத் தனக்கு ஆக்கிக்கொண்டார். இந்த அம்மா எனக்காக வைத்திருந்தார். சிலம்பாயியின் லாயம் நிற்கும்! வேறு என்ன வேண்டும், கேள் அம்மா."

சிலம்பாயி சாத்தப்பனைப் பார்த்தாள். அவர் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

"மகாராசா, அவரு குதிரையை நல்லாத்தான் வச்சிருந்தாரு. பாசம் வச்சவரு. அந்த ஆசை எனக்கும் வந்துச்சு, துண்டை எடுத்து ஒளிச்சவதான் நானும். அவரு லாயமும் நிக்கட்டும். துண்டு மாட்ட ஒரு முளை அடிச்சா போதும், மத்ததெல்லாம் அவருக்குத் தெரியும்."

"சரி, யானைக் கொட்டாரத்தை ஒரு லாயத்து இடத்துக்குள் சுருக்கிக் கட்டிக்கொள்ளலாம்" என்றான் அரசன்.

யானைக் கொட்டாரம் மல்லாண்டான் இடத்தில் வந்தது. அங்கேயே யானை லத்தி அள்ளும் வேலை மல்லாண்டானுக்குக் கிடைத்தது. யானை முன்னால் சாட்டையைத் தூக்க அவனுக்கென்ன பைத்தியமா? நல்ல பிள்ளையாக அள்ளினான். பனங்காட்டுக்கு ஓடிய வெள்ளைக் குதிரையை மீனவர்கள் பிடித்துவந்து சிலம்பாயியிடம் விட்டார்கள். அது மனிதர்களை மறுபடி நம்ப வெகுகாலம் ஆனது.

அரசன் கரிச்சான் மேல் ஏறி அரண்மனைக்குக் கிளம்பினான். சிலம்பாயி வெறும் கையோடு நின்றுகொண்டிருந்தாள். குருவம்மா அவள் தோளைத் தட்டி, "என்ன யக்கா இது, கடைசியில அது ராசாகிட்டதானே போயிருச்சு" என்று விசும்பினாள்.

"ஆமா போயிருச்சு" என்றாள் சிலம்பாயி, அழுகையும் சிரிப்புமாக. "ஆனா பாத்தியாட்டி குருவு? எங்கிட்ட சொல்லிட்டுல்ல போச்சு!"

அந்த வருஷம் முதல் அரசன் எங்கே பயணம் போனாலும் முதலில் கிழக்கு வாசலுக்குத்தான் வருவான். கரிச்சானை அவிழ்த்துவிட்டு, கேட்காமலே மேல்துண்டைக் கழற்றி முளையில் மாட்டிவிட்டுப் போவான். பின்னாளில் மணற்கோட்டையில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வீட்டில்கூட, "உன் ஆளு வந்தாச்சு, போ" என்ற சிலம்பாயி பேச்சைத்தான் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்களாம்.

நம்பி ஒப்படைத்ததை உயிர்போல நேசித்துக் காப்பாற்று, ஆனால் உடையவர் வந்து நிற்கும்போது முழு மனசோடு திருப்பிக் கொடு.